சொல்லுக்குப் பொருள் உரைப்பவர் யார்? கல்கத்தா வழக்குகளும் அரசமைப்புவழி ஆட்சியும்

அரசறிவியல் பாடநூல்களில் அரசமைப்புவழி ஆட்சி பற்றிய இயல் பெரும்பாலும் ஒரு சொற்பட்டியலாகவே அமைந்திருக்கும். சட்டத்தின் ஆட்சி, அதிகாரப் பிரிவினை, நீதித்துறைச் சுதந்திரம், நீதிப் புனராய்வு, சட்டத்தின் முன் சமம் என அப்பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி வரையறையும் ஒரு மேலைச் சிந்தனையாளரின் பெயரும் இருக்கும். இவை எங்கோ முற்றுப்பெற்று, 1950-இல் நமக்கு ஆயத்த நிலையில் வந்து சேர்ந்த கருத்துகள் என்ற எண்ணம் மாணவருக்கு ஏற்படுவது இயல்பே.

கொல்கத்தாவின் நீதிமன்ற வரலாற்றைப் படிப்பவருக்கு இந்த எண்ணம் நிலைக்காது. பாடநூலில் வரையறைகளாக நிற்கும் இக்கருத்துகள் அந்நகரில் இரு நூற்றாண்டுகளாக வழக்குகளாக நடந்தவை. அவ்வழக்குகள் ஒவ்வொன்றும் இறுதியில் சட்டத்திலுள்ள ஏதேனும் ஒரு சொல்லின் பொருளைப் பற்றியதாகவே முடிந்திருக்கிறது. ஆட்சியதிகாரத்துக்கு எல்லை வகுப்பவை சொற்கள். அச்சொற்களுக்குப் பொருள் உரைக்கும் உரிமையும் அதிகாரத்தைச் செலுத்துபவரிடமே இருந்தால், எல்லை ஏட்டளவில் மட்டுமே இருக்கும். அரசமைப்பு இருப்பதற்கும் அரசமைப்புவழி ஆட்சி நடப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். கல்கத்தாவில் எழுந்த சில வழக்குகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

1. 'பணி': காசிஜோரா, 1779

1773-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் வங்காளத்தில் இரண்டு அதிகார மையங்களைத் தோற்றுவித்தது. ஒன்று, வாரன் ஹேஸ்டிங்ஸைத் தலைமை ஆளுநராகக் கொண்ட ஆட்சிக்குழு. மற்றொன்று, 1774-இல் அரச சாசனத்தின்வழி வில்லியம் கோட்டையில் நிறுவப்பட்ட உச்ச நீதிமன்றம். முன்னது கிழக்கிந்தியக் கம்பெனியின் அரசு. பின்னது இங்கிலாந்து மன்னரின் நீதிமன்றம். இரண்டில் எது மேலானது என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை.

நீதிமன்றத்தின் வரம்புக்கு உட்பட்டோரில் முதன்மையானவர்கள் பிரிட்டிஷ் குடிமக்களும் கம்பெனியின் பணியில் இருந்தவர்களும். இங்கே 'பணி' என்ற சொல் சிக்கலை உண்டாக்கியது. நிலவரியைத் திரட்டிக் கம்பெனிக்குச் செலுத்தும் ஜமீன்தார் கம்பெனியின் பணியாளரா? பரம்பரை உரிமையால் நிலத்தை ஆளும் தனிமனிதரா?

1779-இல் காசிநாத் பாபு என்பவர் மேதினிப்பூர்ப் பகுதியிலிருந்த காசிஜோரா ராஜாவின்மீது கடன் வழக்குத் தொடுத்தார். ராஜா வரி திரட்டும் பணியில் இருப்பதால் அவர் நீதிமன்ற வரம்புக்கு உட்பட்டவர் என்பது அவரது வாதம். நீதிமன்றம் கைதாணை பிறப்பித்தது. ஆட்சிக்குழுவோ, கம்பெனியின் பணியாளராகவோ தாமாக முன்வந்து நீதிமன்ற வரம்பை ஏற்றவராகவோ இல்லாத ஜமீன்தார்கள் அந்நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்று அறிவித்தது. ராஜாவின் ஆட்கள் நீதிமன்ற ஊழியரைத் துரத்தினர். அதன்பின் சொத்தைக் கைப்பற்றும் ஆணையுடன் ஷெரீப்பின் ஆட்கள் ஆயுதந்தாங்கிச் சென்றனர். ஆட்சிக்குழு மேதினிப்பூரிலிருந்த தன் படையை அனுப்பி அவர்களைச் சிறைபிடித்தது.

ஒரு சொல்லுக்கு நீதிமன்றம் ஒரு பொருள் சொன்னது. அரசு வேறொரு பொருள் சொன்னது. முடிவைத் துப்பாக்கி சொன்னது. காசிநாத் பாபு இதன்பின் தலைமை ஆளுநர்மீதும் ஆட்சிக்குழு உறுப்பினர்கள்மீதும் வழக்குத் தொடுத்தார். அரசின் பொறுப்பில் செய்த செயல்களுக்குத் தாம் நீதிமன்றத்தில் விடை கூற வேண்டியதில்லை என்று அவர்கள் மறுத்தனர். சட்டத்தின் ஆட்சி என்ற கருத்தின் உயிர்நாடியான வினா இது: ஆட்சியாளரின் செயலும் சட்டத்தின்முன் விசாரணைக்கு உரியதா?

இதனால் நீதிமன்றத்தை மக்களின் காவலனாகக் கொள்வது பிழையாகும். 1775 ஆகஸ்ட் 5 அன்று மகாராஜா நந்தகுமார் தூக்கிலிடப்பட்டது இதே நீதிமன்றத்தின் தீர்ப்பால்தான். ஹேஸ்டிங்ஸ்மீது ஊழல் குற்றச்சாட்டு வைத்த சில மாதங்களில், பழைய போலி ஆவண வழக்கொன்றில், வங்காளத்தார் அறியாத ஆங்கிலச் சட்டத்தின்படி அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. தன் வரம்பைத் தானே விரித்துக்கொண்டு, அறியாத மொழியில் அறியாத சட்டத்தைச் செலுத்திய நீதிமன்றமும் எல்லையற்ற அதிகாரமே. ஆட்சிக்குழு முன்வைத்த ஆட்சேபத்தில் இந்த அளவுக்கு உண்மை இருந்தது.

பூசலுக்கு இரண்டு வழிகளில் முடிவு கட்டப்பட்டது. 1780-இல் ஹேஸ்டிங்ஸ் தம் பள்ளித் தோழரான தலைமை நீதிபதி எலிஜா இம்பேயைக் கம்பெனியின் சதர் திவானி அதாலத்துக்கும் நீதிபதியாக அமர்த்தினார். அரசைத் தட்டிக்கேட்க வேண்டியவர் அதே அரசு வழங்கிய பதவியையும் ஏற்றார். நீதித்துறைச் சுதந்திரம் என்ற தலைப்பில் நீதிபதியின் ஊதியமும் பதவிக்காலமும் ஏன் பேசப்படுகின்றன என்று வியக்கும் மாணவருக்கு இந்நியமனமே விடை. 1782-இல் இம்பே இங்கிலாந்துக்குத் திரும்ப அழைக்கப்பட்டார்.

இரண்டாம் வழி, 1781-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய திருத்தச் சட்டம். நிலவுடைமையாளராகவோ வரிக் குத்தகையாளராகவோ இருப்பதனால் மட்டும் ஒருவர் நீதிமன்ற வரம்புக்குள் வரமாட்டார் என்று அது வரையறுத்தது. தலைமை ஆளுநரும் ஆட்சிக்குழுவும் அரசுப் பொறுப்பில் செய்யும் செயல்களுக்கு நீதிமன்ற விசாரணையிலிருந்து விலக்களித்தது. 'பணி' என்ற சொல்லுக்குப் பொருள் கிடைத்தது. அப்பொருளை உரைத்தது, வங்காளத்தார் ஒருவருக்கேனும் வாக்கில்லாத ஒரு மன்றம்.

2. 'பதிவு': அச்சுச் சட்டம், 1823

ஒழுங்குமுறைச் சட்டத்தில் இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. ஆட்சிக்குழு இயற்றும் ஒழுங்குவிதிகள், உச்ச நீதிமன்றத்தின் இசைவோடு அங்கே பதிவு செய்யப்பட்டு வெளியிடப்பட்ட பின்னரே செல்லுபடியாகும். சட்டம் இயற்றுவோருக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு நீதிபதி நிற்க வேண்டும் என்ற ஏற்பாடு இது. அதிகாரப் பிரிவினையின் தொடக்கநிலை வடிவம் என்று இதைக் கூறலாம்.

1823-இல் இந்த ஏற்பாடு சோதனைக்குள்ளாயிற்று. 'கல்கத்தா ஜர்னல்' என்ற இதழில் அரசை விமர்சித்துவந்த ஜேம்ஸ் சில்க் பக்கிங்காமைத் தற்காலிகத் தலைமை ஆளுநர் ஜான் ஆடம் நாடு கடத்தினார். தொடர்ந்து அந்த மார்ச்சிலேயே, அரசின் உரிமம் இன்றிக் கல்கத்தாவில் எந்தச் செய்தி இதழும் வெளிவரலாகாது என்ற ஒழுங்குவிதி நீதிமன்றத்தின்முன் பதிவுக்கு வைக்கப்பட்டது. உரிமத்தை அரசு எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்.

ராம்மோகன் ராய், துவாரகாநாத் தாகூர், பிரசன்ன குமார் தாகூர் உள்ளிட்ட ஆறு பேர், இவ்விதியைப் பதிவு செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்தனர். அவ்விண்ணப்பம் வெறும் வேண்டுகோளாக அமையாமல் ஓர் ஆட்சிக் கோட்பாட்டையே முன்வைத்தது. பரந்த நாட்டை ஆளும் அரசு தன் அதிகாரிகளின் தவறுகளை அறிய வழி வேண்டும். குடிகளின் குறைகள் மேலே சென்று சேர வழி வேண்டும். சுதந்திரமான அச்சு அவ்விரண்டுக்கும் வழியாக அமைகிறது என்பது அதன் சாரம். தம்மை ஆளும் மன்றத்தில் இடமில்லாத மக்களுக்கு அச்சு ஒன்றே பொதுக்குரல் என்பது அதன் உட்பொருள்.

அப்போது அமர்வில் இருந்தவர் நீதிபதி பிரான்சிஸ் மெக்நாட்டன் ஒருவரே. விவாதம் நடைபெறும் முன்னரே அவர் விதிக்கு ஒப்புதல் தருவதாக அரசிடம் வாக்களித்திருந்தார் என்று ராம்மோகனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய சோபியா டாப்சன் கோலெட் குறிப்பிடுகிறார். 1823 ஏப்ரல் 4 அன்று விதி பதிவாயிற்று. ராம்மோகன் தம் பாரசீக வார இதழான 'மிராத்-உல்-அக்பார்' வெளிவருவதை நிறுத்தினார். மன்னரின் ஆலோசனை மன்றத்துக்கு அனுப்பிய மேல்முறையீடும் பயனளிக்கவில்லை.

'பதிவு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் கூற இடமிருந்தது. ஆய்ந்து இசைவளித்தல் என்பது ஒன்று. ஏட்டில் ஏற்றுதல் என்பது மற்றொன்று. ராம்மோகன் முதற்பொருளை நம்பி நீதிமன்றத்தை நாடினார். நீதிபதி இரண்டாம் பொருளின்படி நடந்துகொண்டார். பின்னர் வந்த 1833-ஆம் ஆண்டின் சாசனச் சட்டம், தலைமை ஆளுநரின் சட்டங்களை நீதிமன்றத்தில் பதிவு செய்யவே தேவையில்லை என்றாக்கியது. வலுவிழந்த கட்டுப்பாடு ஏட்டிலிருந்தும் நீங்கியது.

1835-இல் தற்காலிகத் தலைமை ஆளுநர் சார்லஸ் மெட்காஃப் இந்த அச்சுக் கட்டுப்பாட்டை நீக்கினார். நன்றி பாராட்டிய நகரத்தார் நிதி திரட்டி அவர் பெயரில் எழுப்பிய மெட்காஃப் மண்டபம் ஹூக்ளி ஆற்றங்கரையில் இன்றும் நிற்கிறது. ஆயினும் ஆளுநரின் நல்லெண்ணத்தால் கிடைத்தது சலுகை. சலுகையை அளித்தவரோ அவருக்குப் பின் வருபவரோ திரும்பப் பெறலாம். 1878-இல் லிட்டன் பிரபு இந்திய மொழி இதழ்களுக்கு மட்டுமான அச்சுச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது அதுவே நடந்தது. வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் வெளிவந்துகொண்டிருந்த 'அமிர்த பஜார் பத்திரிகா', அச்சட்டத்துக்கு ஆட்படாதிருக்க முழு ஆங்கில இதழாக மாறியது. எழுதும் மொழியைப் பொறுத்துச் சுதந்திரம் வேறுபட்டது.

3. 'முகவர்': பூராவின் மேல்முறையீடு, 1878

அதே 1878-இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்த வழக்கொன்று கல்கத்தா உயர் நீதிமன்றத்திலிருந்து சென்றது. 1869-ஆம் ஆண்டின் சட்டமொன்று காரோ மலைப்பகுதியை வழக்கமான நீதிமன்றங்களின் வரம்பிலிருந்து விலக்கியது. அவ்விலக்கைக் காசி, ஜைந்தியா மலைகளுக்கும் நீட்டிக்க வங்காளத் துணைநிலை ஆளுநருக்கு அது அதிகாரம் அளித்தது. அவர் அவ்வாறே நீட்டித்தார். அம்மலைப்பகுதியில் கொலைக் குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்ட பூரா, புக் சிங் என்னும் இருவர் கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்தனர்.

உயர் நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் எழுப்பிய வினா துணிவானது. இந்தியச் சட்டமன்றம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அமர்த்திய முகவர் எனில், தனக்கு ஒப்படைக்கப்பட்ட பணியை அது இன்னொருவருக்கு ஒப்படைக்கலாமா? முடியாது என்று கூறி அவர்கள் அப்பிரிவைச் செல்லாது என்றனர். பிரிவி கவுன்சில் இதை மாற்றியது. இந்தியச் சட்டமன்றம் எவருக்கும் முகவரன்று; தனக்கு வகுக்கப்பட்ட எல்லைக்குள் அதற்கு முழு அதிகாரம் உண்டு; எல்லை மீறப்பட்டதா என்பதை நீதிமன்றங்களே தீர்மானிக்கும் என்று அது விளக்கியது.

சட்ட மாணவர் இன்றும் படிக்கும் இரண்டு கொள்கைகள் இத்தீர்ப்பில் அருகருகே உள்ளன. ஒன்று, எல்லைக்குட்பட்ட முழு அதிகாரம். மற்றது, எல்லையைக் காக்கும் நீதிப் புனராய்வு. ஆனால் அந்த எல்லையை வகுத்த ஆவணம் லண்டனில் இயற்றப்பட்டது. ஆகவே கொள்கை முழுமையாக ஏற்கப்பட்டும், மேல்முறையீடு செய்த இருவருக்கும் உயர் நீதிமன்றத்தின் கதவு மூடியே இருந்தது.

4. 'வழக்குகள்': அன்வர் அலி சர்க்கார், 1952

1949 பிப்ரவரியில் டம்டம் பகுதியிலுள்ள ஜெசப் தொழிற்சாலையில் ஆயுதந்தாங்கிய கும்பல் நடத்திய கொடிய தாக்குதல் நாட்டை உலுக்கியது. அன்வர் அலி சர்க்காரும் வேறு 49 பேரும் குற்றஞ்சாட்டப்பட்டனர். மேற்கு வங்க அரசு 1950-ஆம் ஆண்டின் சிறப்பு நீதிமன்றச் சட்டத்தின்கீழ் அவர்களை விசாரித்துத் தண்டனை பெற்றுத்தந்தது. சிறப்பு நீதிமன்றத்தில் ஜூரி இல்லை. வழக்கமான முதனிலை விசாரணை இல்லை. எதிரிக்கு வழக்கமாக உள்ள பாதுகாப்புகள் சில குறைக்கப்பட்டிருந்தன.

சட்டத்தின் 5-ஆம் பிரிவு, அரசு குறிப்பிடும் குற்றங்களையும் குற்ற வகைகளையும் வழக்குகளையும் வழக்கு வகைகளையும் அந்நீதிமன்றம் விசாரிக்கும் என்றது. 'வகைகள்' என்ற சொல் அங்கு இருந்தது. கூடவே தனித்து நின்ற 'வழக்குகள்' என்ற சொல்லும் இருந்தது. அச்சொல்லால், எந்தவொரு தனி வழக்கையும், எக்காரணமும் கூறாமல், கடுமையான நடைமுறைக்கு அனுப்ப அரசால் முடிந்தது. ஒரே குற்றம் சாட்டப்பட்ட இருவரில் ஒருவர் ஜூரியின் முன்னும் மற்றவர் சிறப்பு நீதிமன்றத்தின் முன்னும் நிற்கலாம். யார் எங்கே நிற்பார் என்பது அமைச்சகத்தின் விருப்பம்.

கல்கத்தா உயர் நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. 1952 ஜனவரி 11 அன்று ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, ஆறு பேரின் பெரும்பான்மையால் அதை உறுதி செய்தது. விரைவான விசாரணை என்ற நோக்கம் மட்டும் வகைப்படுத்தலுக்கு அளவுகோல் ஆகாது. எந்த வழக்கை, ஏன் தேர்ந்தெடுப்பது என்பதற்குச் சட்டம் வழிகாட்டவில்லை. எனவே 14-ஆம் உறுப்பு மீறப்பட்டது என்பது பெரும்பான்மையின் முடிவு. மாறுபட்ட ஒரே நீதிபதி, சென்னையிலிருந்து சென்ற தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. சட்டமன்றம் வழங்கும் விருப்புரிமையை அரசு நேர்மையாகவே பயன்படுத்தும் என்று கருத வேண்டும் என்பது அவர் வாதத்தின் போக்கு. அதே ஆண்டில் சௌராஷ்டிர அரசின் இதுபோன்ற சட்டமொன்று செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் நினைவிற்குரியது. சிறப்பு நீதிமன்றங்கள் அனைத்தும் தடுக்கப்படவில்லை. தேர்வுக்குச் சட்டத்திலேயே ஓர் அளவுகோல் வேண்டும் என்பதே கோரப்பட்டது.

காசிஜோராவுடன் இவ்வழக்கை ஒப்பிட வேண்டும். 1779-இல் நீதிமன்ற ஆணையை அரசின் படை தடுத்தது. 1952-இல், கொடிய குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டவர்களின் பொருட்டு வந்த தீர்ப்புக்கு அரசு கட்டுப்பட்டது. பொதுமக்களின் பரிவுக்கு உரியவர்க்கு மட்டும் கிடைக்கும் பாதுகாப்பு உரிமையாகாது. அது மெட்காஃப் அளித்ததைப் போன்ற சலுகையே.

5. 'இழப்பீடு'ம் 'திருத்த'மும்

பிரிவினைக்குப்பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குவிந்த ஏதிலியரைக் குடியமர்த்த நிலம் தேவைப்பட்டது. அதற்கென மேற்கு வங்கம் 1948-இல் இயற்றிய சட்டம், கையகப்படுத்தும் நிலத்துக்கு 1946 டிசம்பர் 31 அன்றிருந்த சந்தை மதிப்புக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை என்றது. பேலா பானர்ஜி வழக்கில், 'இழப்பீடு' என்ற சொல் இழந்ததற்கு ஈடான மதிப்பையே குறிக்கும் என்று உச்ச நீதிமன்றம் 1953 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை எழுதியவர், முந்தைய வழக்கில் அரசின்மீது நம்பிக்கை வைத்த அதே பதஞ்சலி சாஸ்திரி. இருபுறமும் நியாயம் இருந்த வழக்கு இது. வீடிழந்து வந்தவருக்கு நிலம் வேண்டும். நிலத்தை இழந்தவருக்கு அதன் மதிப்பு வேண்டும்.

நாடாளுமன்றம் 1955-இல் நான்காம் திருத்தத்தின்வழி, இழப்பீடு போதுமானதா என்று நீதிமன்றம் வினவக்கூடாது என்றாக்கியது. 1971-இன் இருபத்தைந்தாம் திருத்தம் 'இழப்பீடு' என்ற சொல்லையே நீக்கி, அவ்விடத்தில் 'தொகை' என்று எழுதியது. ஒரு சொல்லின் பொருளைப் பற்றிய பூசலில், சொல்லையே மாற்றுவது ஒரு வழி. அது முறைப்படி, வாக்களிக்கப்பட்டு, வெளிப்படையாக நடந்தது என்பது 1781-க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு.

அப்படியானால் எல்லாச் சொற்களையும் இவ்வாறு மாற்றலாமா? 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் முன் எழுந்த வினா இது. ஏழுக்கு ஆறு என்ற கணக்கில் வந்த விடை மீண்டும் ஒரு சொல்லின் பொருளில் நின்றது: 'திருத்தம்' என்பது அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை அழிப்பதை உள்ளடக்காது. தமிழ் அறிந்தவருக்கு இவ்விளக்கம் அயலானதன்று. நிலத்தைத் திருத்துகிறோம், கையெழுத்தைத் திருத்துகிறோம், விடைத்தாளைத் திருத்துகிறோம். எங்கும் திருத்தப்படும் பொருள் எஞ்சி நிற்கிறது. எஞ்சாதபடி செய்வதற்கு மொழியில் வேறு சொற்கள் உள்ளன.

பொருள் உரைக்கும் உரிமையை நீதிமன்றத்திடம் ஒப்படைத்துவிட்டால் போதும் என்று இதிலிருந்து முடிவு செய்யவும் இயலாது. நந்தகுமாரைத் தூக்கிலிட்டதும் நீதிமன்றம். ராம்மோகனைத் திருப்பி அனுப்பியதும் நீதிமன்றம். நெருக்கடிநிலைக் காலமான 1976-இல் ஜபல்பூர் வழக்கில், சட்டத்துக்குப் புறம்பாகச் சிறைவைக்கப்பட்டவரும் உயர் நீதிமன்றத்தை நாட முடியாது என்று நாலுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையால் கூறியதும் உச்ச நீதிமன்றமே. அத்தீர்ப்பை வெளிப்படையாகத் தள்ள 2017 வரை ஆயிற்று. ராம்மோகன் முதலில் நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்தார். பின்னர் மன்னருக்கு விண்ணப்பித்தார். இரண்டும் தோற்றன. விதி பதிவானபோதே இதழை நிறுத்தி, நிறுத்திய காரணத்தை வாசகருக்குத் தெரிவித்திருந்தார். பொருள் உரைப்பவரிடம் காரணம் கேட்கவும் மறுத்துரைக்கவும் ஒரு பொதுமன்றம் இருந்தால் மட்டுமே மேற்சொன்ன சொற்பட்டியல் முழுமை பெறும். 1823-இன் விதி அதனாலேயே முதலில் அச்சகத்தைக் குறிவைத்தது.